விருந்தாளியின் காது

2020 டிசம்பரில் பெர்லின் நகரில் ஒரு வானொலி நிலையம் தன் ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. அது ஜெர்மானிய நிலையம் இல்லை. அமெரிக்காவின் சாண்டா மோனிகா நகரில் ஒரு கல்லூரி நடத்தும் கே.சி.ஆர்.டபிள்யூ. என்ற பொது வானொலி, 2017 அக்டோபர் முதல் பெர்லினில் 104.1 பண்பலையில் ஆங்கிலத்தில் நடத்திவந்த நிலையம். அதற்காக வருத்தப்பட ஜோகூர் பாருவில் ஒருத்தன் இருப்பான் என்று அவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள். நான் வருத்தப்பட்டேன். அன்று இரவு, பெர்லினில் எடுத்த படங்களைக் கைப்பேசியில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கடைக் கதவின் படம் வந்தது. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு அந்த நிலையத்தைப் பற்றி வருத்தப்பட முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தத் தாளைப் பற்றியதுதான். ஆனால் வானொலியிலிருந்து தொடங்கினால்தான் சொல்ல முடியும்.

நான் படித்ததெல்லாம் இங்கேதான். ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மின்னியல் பொறியியல் முடித்துவிட்டு, இயந்திரம் செய்யும் ஒரு ஜெர்மானிய நிறுவனத்தின் ஜோகூர் கிளையில் சேர்ந்தேன். 2019 செப்டம்பரில் பயிற்சிக்காகப் பெர்லின் அனுப்பினார்கள். பதினொரு மாதம். நொய்கோல்ன் வட்டாரத்தில் நான்காவது மாடியில் ஓர் அறையும் சமையலறையும். எனக்கு முன்பு குடியிருந்தவர் சமையலறை அலமாரியில் ஒரு சின்ன வானொலிப் பெட்டியை விட்டுப்போயிருந்தார். முடுக்கியதும் ஆங்கிலம் பேசியது. முள் 104.1இல் நின்றிருந்தது. பதினொரு மாதமும் அந்த முள்ளை நான் நகர்த்தவே இல்லை.

ஆங்கிலம் எனக்குத் தாய்மொழி கிடையாது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலாய், வேலையில்தான் ஆங்கிலம். சொல்லப்போனால் மூன்றில் எனக்கு ஒட்டாத மொழி அதுதான். ஆனால் ரயில் அறிவிப்பு புரியாமல், பால் எது தயிர் எது என்று தெரியாமல் வாங்கி வந்து, மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஓர் ஊரில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால், அந்த ஆங்கிலம் அம்மா குரல் மாதிரி இருந்தது. அமெரிக்க அதிபர் மீதான பதவிநீக்க விசாரணையை நான் அக்கறையோடு கேட்டேன். எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. புரிகிறது என்ற ஒரே காரணம்தான்.

இது எனக்குப் புதிதும் இல்லை. அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். விடியற்காலை நான்கரைக்கு மோட்டாரில் கிளம்பிப் பாலத்தைத் தாண்டுவார். எங்கள் வீட்டில் எப்போதும் சிங்கப்பூரின் ஒலி 96.8தான் பாடும். கடல் குறுக்கே இருந்தாலும் பண்பலைக்கு ஜோகூர் எட்டிவிடும் தூரம். "நம்ப ஊரு மின்னல் இருக்குறப்ப ஏம்பா அடுத்த நாட்டு ரேடியோ?" என்று கேட்டிருக்கிறேன். "நான் நிக்கிற ரோட்ட பத்தி யாரு சொல்றானோ அவன் ரேடியோதான்டா என் ரேடியோ" என்பார். அப்போது அது வெறும் பதிலாகப் பட்டது. இப்போது யோசித்தால், நான் இந்தக் கட்டுரையில் கேட்க நினைக்கும் கேள்விக்கு அப்பா அப்போதே பாதி பதில் சொல்லிவிட்டார்.

கேள்வி இதுதான். ஓர் ஊரில் வாழ்ந்துகொண்டு, அந்த ஊரின் மொழியைக் காதில் வாங்காமல், நமக்குப் புரிந்த மொழியில் ஒரு நிலையத்தைக் கேட்டுக்கொண்டே காலம் தள்ளுவது தவறா? தவறு என்றால் யார் மேல்? ஒலிபரப்புகிறவர் மேலா, கேட்கிறவர் மேலா, இடம் கொடுத்த ஊர் மேலா?

இதில் இடம் என்பது வெறும் உவமை இல்லை. பண்பலைக்கு ஒதுக்கியிருப்பது 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரைதான். 104.1 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 2.88 மீட்டர், நம் வீட்டுக் கூரை உயரம். ஒரு நகரத்தில் அந்த அலைவரிசையை ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் அதே இடத்தில் இன்னொருவர் பேச முடியாது. பேசினால் இரண்டுமே கேட்காது. ஆகவே காற்று என்று பொதுவாகச் சொன்னாலும், அது ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. ஒருவர் வாளி இறங்கியிருக்கும்போது அடுத்தவர் காத்திருக்கத்தான் வேண்டும். பெர்லின் மாதிரி ஒரு நகரம் தன் கிணற்றில் ஓர் அந்நிய வாளிக்கு ஏன் இடம் விட்டது?

அதற்குச் சரித்திரம் இருக்கிறது. போர் முடிந்த 1945இல் நான்கு வல்லரசுகள் பெர்லினைப் பங்கு போட்டுக்கொண்டன. நான் இருந்த நொய்கோல்ன் அமெரிக்கப் பகுதியில் இருந்தது. அமெரிக்கச் சிப்பாய்களுக்காக ஏ.எஃப்.என். என்ற நிலையம் அந்த ஆண்டே ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியது. அது ஊர்க்காரர்களுக்கானது இல்லை. ஆனாலும் பெர்லின் பிள்ளைகள் ஜாஸும் பிறகு ராக்கும் அதில்தான் ஒட்டுக்கேட்டு வளர்ந்தார்கள். 1946இல் அமெரிக்கர்கள் இன்னொன்றும் தொடங்கினார்கள். நகரின் பெரிய வானொலி மாளிகை சோவியத் கையில் இருந்ததால், முதலில் தொலைபேசிக் கம்பி வழியாகவே ஒலிபரப்பி, அந்த ஆண்டிலேயே அலைக்கு மாறிய நிலையம் அது. பெயர் ரியாஸ். முதலாளி அமெரிக்கா, மொழி ஜெர்மன். 1948இல் சோவியத் ரஷ்யா மேற்குப் பெர்லினுக்கான பாதைகளை அடைத்தபோது மின்சாரம் பற்றாக்குறை. வீட்டில் வானொலி கேட்க முடியாதவர்களுக்காக ரியாஸ்காரர்கள் வண்டியில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகச் செய்தி வாசித்தார்கள். பிறகு கிழக்கு ஜெர்மனி அந்த நிலையத்தின் அலையைக் குலைக்க இரைச்சல் அனுப்பியது. எல்லாவற்றுக்கும் உள்நோக்கம் இருந்தது. அது பனிப்போரின் ஆயுதம், யாரும் மறைக்கவில்லை. ஆனாலும் கேட்கிறவனின் மொழியில், கேட்கிறவனின் தெருவைப் பற்றிப் பேசியது. 1994இல் நேச நாட்டுப் படைகள் பெர்லினை விட்டுப் போயின. அதே ஆண்டு ஏ.எஃப்.என். பெர்லின் மூடப்பட்டது. ரியாஸ் ஜெர்மனியின் தேசிய வானொலிக்குள் கரைந்தது.

2006இல் அமெரிக்கக் குரல் பெர்லினுக்குத் திரும்ப வந்தது. இந்தமுறை படை இல்லை. அமெரிக்காவின் என்.பி.ஆர். தன் நாட்டில் நிகழ்ச்சி தயாரித்து, ஊருக்கு ஊர் இருக்கும் உறுப்பு நிலையங்களுக்குக் கொடுக்கும் அமைப்பு. அது பெர்லினில் தன் பெயரிலேயே நிலையம் நடத்தியது. பெரும்பாலும் அமெரிக்க நிகழ்ச்சிகளின் மறு ஒலிபரப்பு. 2017இல் கே.சி.ஆர்.டபிள்யூ. அதை ஏற்றபோது கொஞ்சம் மாறியது. அமெரிக்க நிகழ்ச்சிகளுக்கு நடுவே பெர்லின் செய்தி வந்தது. முன்பு என்.பி.ஆரின் பெர்லின் நிருபராக இருந்த சொராயா சர்ஹாதி நெல்சன், 'காமன் கிரவுண்ட்' என்ற நிகழ்ச்சியில் ஊர் விவகாரங்களைப் பேசினார். வாடகை உயர்வு, அரசியல், அகதிகள் என்று அந்த நகரம் எதைப் பற்றிச் சண்டை போடுகிறது என்பதை நான் ஆங்கிலத்திலேயே தெரிந்துகொண்டேன்.

ஆக ஓர் ஊரில் அந்நிய நிலையம் மூன்று மாதிரி இருக்கலாம் என்று தோன்றுகிறது. அந்நியன் ஊரின் மொழியில் ஊரைப் பற்றிப் பேசலாம். அந்நியன் தன் மொழியில் தன் வீட்டைப் பற்றியே பேசலாம். அந்நியன் தன் மொழியில் ஊரைப் பற்றிப் பேசலாம். அப்பாவின் அளவுகோலை வைத்தால், முதலும் மூன்றும் தேறிவிடும். நான் கேட்டது மூன்றாவது. அதனால் பெர்லினில் இருந்த காலத்தில் எனக்கு உறுத்தலே இல்லை. நான் ஊரைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன் என்று நம்பினேன்.

எங்கள் கட்டடத்தின் கீழே ஒரு துருக்கிய மளிகைக் கடை. பெரியவர் கல்லாவில் இருப்பார். அவர் மனைவி காய்கறிகளை அடுக்கிக்கொண்டே இருப்பார். வருகிறவர்கள் பெரியவரை 'அபி' என்பார்கள், அந்த அம்மாவை 'டெய்ஸே' என்பார்கள். அபி என்றால் அண்ணன். டெய்ஸே என்றால் அம்மாவின் சகோதரி, நம் பெரியம்மா, சின்னம்மா மாதிரி. அலுவலகத்துத் துருக்கிய நண்பன் ஒருவன் சொல்லித் தெரிந்துகொண்டேன். துருக்கியில் அத்தைக்கு வேறு சொல் இருக்கிறதாம். அது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆனால் நான் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. 'ஹலோ'தான்.

கடையிலும் ஒரு வானொலி பாடிக்கொண்டிருக்கும். மெட்ரோபோல் எஃப்.எம். என்ற துருக்கிய மொழி நிலையம், 1999இலிருந்து பெர்லினில் இருக்கிறது. மேலே என் சமையலறையில் ஆங்கிலம், கீழே கடையில் துருக்கி. ஒரே கட்டடத்தில் இரண்டு பேர் ஜெர்மன் அல்லாத வானொலி கேட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டும் ஒரே காரியம்தானே? ஆனால் ஊர் அதற்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறது. ஜெர்மனியும் துருக்கியும் 1961 அக்டோபரில் ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்டன. அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் பெர்லின் சுவர் எழுந்தது. கிழக்கிலிருந்து வேலைக்கு ஆள் வர வழியில்லை. அப்படி வந்தவர்களுக்கு அங்கே 'விருந்தினர் தொழிலாளி' என்று பெயர். விருந்தாளிக்கு வேலை கொடுக்கும் வீடு எது என்று யாரும் கேட்கவில்லை போலும். அறுபது ஆண்டுகள் ஆகின்றன. அவர்களின் பேரப்பிள்ளைகள் துருக்கியப் பாட்டுக் கேட்டால் அதை 'இணைச் சமூகம்' என்று தொலைக்காட்சி விவாதங்களில் பேசுகிறார்கள். ஊரோடு ஒட்டாமல் தனியாக ஓடும் சமூகம் என்று அர்த்தம். என்னைப் போன்ற ஒருவன் ஆங்கிலத்திலேயே காப்பி வாங்கி, ஆங்கிலத்திலேயே செய்தி கேட்டு வாழ்ந்தால், அதற்குப் பெயர் 'சர்வதேச நகரம்'. பெர்லினின் பொது ஒலிபரப்பு நிறுவனம் துருக்கி, வியட்நாம், ரஷ்யா, போலந்து என்று ஏறக்குறைய இருபது மொழிகளில் நடத்திவந்த 'ரேடியோ முல்ட்டிகுல்ட்டி' 2008 இறுதியில் செலவுக் காரணத்தால் மூடப்பட்டது. ஆங்கில அலைவரிசை அப்போது இருந்தது. அதற்குப் பிறகும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தது. இரண்டையும் நடத்தியவர்கள் வேறு, பணம் வந்த வழி வேறு, எனக்குத் தெரியும். ஆனாலும் கணக்கில் ஏதோ இடிக்கிறது.

ஒட்டவில்லை என்று குற்றம் சாட்டப்படும் அந்தப் பெரியவர் ஜெர்மன் பேசுவார். நன்றாகவே பேசுவார். தினமும் என்னிடமும் பேசிப் பார்த்தார். வாரத்துக்கு நான்கு நாள் அந்தக் கடைக்குப் போவேன். ஏதோ கேட்பார், நான் 'சாரி' என்று சிரிப்பேன், அவரும் சிரித்துவிட்டுக் கணக்குப் பொறியின் எண்ணைக் காட்டுவார். அந்த அம்மா சில நாள் ஒரு மாதுளையோ இரண்டு தக்காளியோ பையில் கூடப் போடுவார். 'டாங்கே' என்பேன். என் ஜெர்மன் அவ்வளவுதான். ஜெர்மன் வகுப்புக்கு நிறுவனமே பணம் கட்டியது. நான்கு வகுப்புப் போனேன். பிறகு குளிர், வேலை என்று நின்றுவிட்டேன். தேவைப்படவும் இல்லை. அலுவலகம் ஆங்கிலம், வானொலி ஆங்கிலம், கைப்பேசி ஆங்கிலம்.

2020 மார்ச் வந்தது. 18ஆம் தேதி ஏஞ்சலா மெர்க்கல் தொலைக்காட்சியில் மக்களிடம் பேசினார். அவர் என்ன சொன்னார் என்பதை 104.1இல் ஆங்கிலத்தில் கேட்டேன். 22ஆம் தேதி நாடு முழுக்கச் சந்திப்புக் கட்டுப்பாடு முடிவானது. எத்தனை பேர் கூடலாம், எவ்வளவு தூரம் நிற்கவேண்டும், எந்தக் கடை திறந்திருக்கும், எல்லாம் அந்தச் சின்னப் பெட்டிதான் சொன்னது. உண்மையைச் சொல்லவேண்டும். அந்த வாரங்களில் அந்த நிலையம் இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். அதில் பேசியவர்கள் என்னை மாதிரி ஆட்களை நினைவில் வைத்துத்தான் பேசினார்கள். அந்நிய மொழி நிலையம் தேவையா என்று மேலே கேட்டேனே, அந்த மார்ச் மாதம் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

ஏப்ரலில் ஒருநாள் மளிகைக் கடை மூடியிருந்தது. கதவில் கையால் எழுதிய தாள். ஜெர்மனிலும் துருக்கியிலும் எழுதியிருந்தது. பிறகு மொழிபெயர்த்துப் பார்க்கலாம் என்று படம் எடுத்தேன். பார்க்கவில்லை. பெருநாளோ விடுமுறையோ என்று நினைத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி இருந்த சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன். ஒரு வாரத்துக்குப் பிறகு திறந்திருந்தது. உள்ளே போனேன். பெரியவர் முகக்கவரி போட்டுக்கொண்டு கல்லாவில் இருந்தார். வானொலி பாடவில்லை. நான் உற்சாகமாகக் கையை ஆட்டி, "ஹாலிடே?" என்று கேட்டேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "யா, யா" என்றார். எண்ணைக் காட்டினார். நான் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தத் தாளைத்தான் எட்டு மாதம் கழித்து, நிலையம் மூடப்பட்ட செய்தியைப் படித்த இரவில், ஜோகூரில் என் கட்டிலில் படுத்துக்கொண்டு கைப்பேசியில் மொழிபெயர்த்தேன். எங்கள் அன்புக்குரிய இன்னார் காலமாகிவிட்டார், கடை ஒரு வாரம் மூடியிருக்கும், ஆறுதல் சொன்ன அண்டை அயலாருக்கு நன்றி என்று இருந்தது. அதன்பிறகும் நான்கு மாதம் அந்தக் கடையில் சாமான் வாங்கியிருக்கிறேன். அந்த அம்மாவைக் காணோம் என்று கவனித்தேனா? கவனித்தேன். நோய்க்காலம், வயதானவர், வீட்டில் இருக்கிறார் போலும் என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். கேட்க ஒரு சொல்கூட என்னிடம் இல்லை. அதைத் தேடிப் போகவும் இல்லை.

இதில் பிழை யாருடையது? வானொலியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. பெர்லினில் அன்றன்று எத்தனை பேர் இறந்தார்கள் என்று சொன்னது. என் படிக்கட்டின் அடியில் யார் இறந்தார் என்பதைச் சொல்வது எந்த வானொலியின் வேலையும் இல்லை. அதைத் தாள் சொல்லும், அடுத்த வீட்டுக்காரர் சொல்வார், முகமே சொல்லும். ஆனால் ஊரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பை எனக்குக் கொடுத்ததும் அந்த வானொலிதான். ஒன்றுமே புரியாமல் இருந்திருந்தால் ஒருவேளை அந்தத் தாளின் முன் கொஞ்ச நேரம் நின்றிருப்பேன். ஊரைப் பற்றிக் கேட்பது வேறு, ஊரைக் கேட்பது வேறு. அப்பா சொன்ன பாதி பதிலில் இல்லாத மறுபாதி இதுதான் என்று நினைக்கிறேன்.

பெர்லினுக்கு வடகிழக்கே, பால்டிக் கடலோரம் வாழ்ந்த இம்மானுவேல் காண்ட் 1795இல் நிரந்தர அமைதி பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அந்நிய மண்ணில் கால் வைக்கும் ஒருவனுக்குப் பகைவனாக நடத்தப்படாமல் இருக்க உரிமை உண்டு, பூமி எல்லாருக்கும் பொது என்கிறார். ஆனால் அது வந்து போகும் உரிமைதான். விருந்தாளியாக வீட்டில் தங்குவதற்குத் தனி உடன்பாடு வேண்டும் என்று பிரிக்கிறார். திருக்குறளில் விருந்தோம்பல் அதிகாரத்தை எடுத்துக்கொண்டால் பத்துக் குறளும் வீட்டுக்காரனிடம்தான் பேசுகின்றன. வந்தவனுக்கு அந்தப் பத்தில் ஒரு கட்டளையும் கிடையாது. எனக்கு இது முன்பெல்லாம் பெருந்தன்மையாகப் பட்டது. இப்போது ஒரு குறை போலவும் படுகிறது. வந்தவன் செய்யவேண்டியது ஒன்றுமே இல்லையா? பைக்குள் மாதுளை போட்டுக் கொடுக்கிறவரின் துக்கத்தைத் தெரிந்துகொள்ளும் அளவுக்காவது?

ஆனால் இந்த வாதத்தைக் கொஞ்சம் நீட்டினால் எனக்கே பயமாக இருக்கிறது. 'வந்த ஊரின் மொழியைக் கற்றுக்கொள்' என்பது நல்ல அறிவுரை. அதே வாக்கியம் கத்தியும்தான். மலேசியத் தமிழனுக்கு அந்தக் கத்தி நன்றாகத் தெரியும். நாம் இங்கே பிறந்தவர்கள், விருந்தாளிகள் இல்லை. மலாய் பேசுகிறோம், மலாயில் தேர்வெழுதினோம். இருந்தும் நமக்கு ஏன் தனிப் பள்ளி, தனி வானொலி என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நொய்கோல்ன் மளிகைக்காரரிடம் மெட்ரோபோல் எஃப்.எம். ஏன் என்று கேட்பவர்களும் அதே குரல்தான். அப்படியானால் நான் என்னைக் குற்றவாளி ஆக்கிக்கொள்வது அவர்களுக்குத்தான் துணைபோகுமா?

ரொம்ப நாள் யோசித்ததில் எனக்குப் பட்டது இவ்வளவுதான். கேட்கவேண்டிய கடமை எல்லார் மேலும் ஒரே எடையில் இறங்குவதில்லை. யாருக்கு நேரமும் வசதியும் இருக்கிறதோ, யார் கேட்காமல் இருந்தாலும் எந்தத் தண்டனையும் வராதோ, அவர் மேல்தான் அது கூடுதலாக இறங்குகிறது. பெரியவர் ஜெர்மன் கற்காமல் இருந்தால் கடை நடத்த முடியாது. ஆகவே கற்றார். களைத்து வந்தபின் துருக்கியில் பாட்டுக் கேட்கிறார். அது அவர் சம்பாதித்த ஓய்வு. எனக்குக் கற்க வாரக்கடைசி இருந்தது, கட்டணம் கட்ட ஆள் இருந்தது. கற்காததால் எந்த நட்டமும் வரவில்லை. ஆங்கிலம் எனக்குக் கொடுத்தது அடைக்கலம் என்று நினைத்திருந்தேன். விலக்கும் கொடுத்திருக்கிறது. யாரிடமும் கையேந்திச் சொல் கேட்கவேண்டியதில்லை என்ற விலக்கு. சிப்பாய்க்கும் அந்த விலக்கு இருந்தது, அவனுக்காகத்தான் அந்த ஊரில் முதலில் ஆங்கில நிலையமே வந்தது. நான் சிப்பாய் இல்லை. ஆனால் அவன் விட்டுப்போன நாற்காலியில்தான் பதினொரு மாதம் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன்.

இதை எழுதும்போது இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. பெர்லின் போவதற்கு முந்திய ஆண்டு, எங்கள் ஆலையில் ஒரு நேப்பாளத் தொழிலாளி கன்வேயர் பக்கத்தில் தவறான பொத்தானை அழுத்திவிட்டார். யாருக்கும் அடி இல்லை, அரை நாள் வேலை நின்றது. அவர் எப்போதும் ஒரு காதில் இயர்போன் மாட்டியிருப்பார். ஓய்வு நேரத்தில் நேப்பாள வானொலி கேட்பார். கண்காணிப்பாளர் திட்டினார். நானும் கூடச் சேர்ந்து நண்பனிடம், "மூணு வருசமா இங்க இருக்கான், இன்னும் மலாய் கத்துக்கல. எந்நேரமும் அவன் ஊரு ரேடியோ" என்று சொன்னேன். அவருடைய வேலை நேரம் ஓவர்டைமோடு பன்னிரண்டு மணி. வகுப்புக்கு யாரும் பணம் கட்டவில்லை. எனக்கு நான்கு வகுப்பில் அலுத்துப்போனது அவருக்கு மூன்று வருடத்தில் ஏன் வரவில்லை என்று நான் கேட்டிருக்கிறேன்.

அந்தத் தாளைப் படித்த வாரம் அவரைத் தேடினேன். இன்னும் எங்களிடம்தான் வேலை செய்கிறார். தேநீர் நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன கேட்கிறீர்கள் என்று மலாயில் கேட்டேன். எழுந்து நிற்கப் பார்த்தார். உட்காரச் சொன்னேன். ஊர்ச் செய்தி என்றார். மலைச்சரிவில் வீடு, ஒவ்வொரு மழைக்காலத்திலும் மண் சரிகிறது, பாதை மூடினால் கைப்பேசியும் கிடைக்காது, வானொலிக்காரன் தன் மாவட்டத்தின் பெயரைச் சொல்கிறானா என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பேன், பெயர் வராவிட்டால் நிம்மதியாகத் தூங்குவேன் என்றார். இப்போது மழை இல்லை, பழக்கத்தில் கேட்கிறேன் என்று சிரித்தார்.

இவ்வளவையும் மலாயில்தான் சொன்னார். தடுமாறாத மலாய். பல இடத்தில் என் மலாயைவிட இயல்பாக இருந்தது. அன்று அவர் அழுத்திய பொத்தானின் மேல் ஒட்டியிருந்த எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. அதை அப்படி ஒட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

இப்போது அந்தப் பலகையில் மலாயும் நேப்பாளியும் சேர்த்திருக்கிறோம். நேப்பாளியை அவர்தான் எழுதிக் கொடுத்தார். பெரிய காரியம் ஒன்றுமில்லை, அச்சடிக்க நாற்பது வெள்ளி. 'மைன் பைலைட்' என்றால் ஜெர்மனில் என் அனுதாபங்கள் என்று அர்த்தம். இரண்டே சொல். அதையும் இப்போதுதான் கற்றுக்கொண்டேன். கடையின் முகவரியை வரைபடத்தில் தேடி ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினேன். சாரி என்று சிரித்துக்கொண்டே போன பையன்தான் அனுப்பினான் என்று பெரியவருக்கு விளங்குமா தெரியவில்லை. விளங்கினால், அன்று நான் கேட்ட கேள்வியும் அவர் ஞாபகத்துக்கு வரும்.